திருத்தக் கூடாத வேலை

எங்கள் ஆவணக் காப்பகத்தில் பழைய கடிதங்களைப் படியெடுப்பவர்களுக்கு ஒரே சட்டம்தான்: தாளில் இருப்பதை இருக்கிறபடி தட்டச்சு செய்ய வேண்டும். பிழை என்றால் பிழையோடு, அடித்திருந்தால் அடித்த அடையாளத்தோடு. பல வருடம் பிழைதிருத்துநராக இருந்துவிட்டு மாசசூசெட்ஸில் இந்த வேலைக்கு வந்தவள் நான். கை சும்மா இருக்குமா?

முதலில் என்னிடம் வந்தவை 1830களின் அடிமை ஒழிப்பு இயக்கக் கடிதங்கள். 1845 வரை அமெரிக்காவில் தபால் கட்டணம் தாள் கணக்கிலும் தூரக் கணக்கிலும் இருந்தது. 400 மைலைத் தாண்டினால் ஒரு தாளுக்கு 25 சென்ட். உறை போட்டால் அதையும் ஒரு தாளாக எண்ணுவார்கள். பெரும்பாலும் காசு கொடுப்பது கடிதம் பெறுபவர்தான். அதனால் தாளையே மடித்து, வெளிப்பக்கம் முகவரி எழுதி, அரக்கால் ஒட்டி அனுப்பினார்கள். இடம் போதவில்லையென்றால் தாளைத் திருப்பி, எழுதிய வரிகளுக்கு மேலேயே குறுக்காக எழுதினார்கள். பாய் முடைந்த மாதிரி இருக்கும். ஒரு திசை வரிகளை மட்டும் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும். சீக்கிரமே தலை வலிக்கும். அவசரமாகப் பிரித்த கடிதங்களில் அரக்கு இருந்த இடம் கிழிந்து, வரி நடுவே ஓட்டை விழுந்திருக்கும். மடிப்பின் எதிர்ப்பக்கத்தில் அரக்கோடு ஒட்டிக்கொண்ட துணுக்கைத் தேடிப் பார்த்தால், காணாமல்போன எழுத்துகள் சில சமயம் அங்கே கிடைக்கும்.

அந்த இயக்கத்தின் கடிதங்களில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. கனெக்டிகட் மாநிலம் கேன்டர்பரியில் பள்ளி நடத்திய ப்ருடென்ஸ் கிராண்டல், 1833 ஜனவரியில் பத்திரிகையாசிரியர் வில்லியம் லாயிட் கேரிசனுக்கு எழுதியது. வெள்ளைக்கார மாணவிகளுக்குப் பதில் கறுப்பின மாணவிகளைச் சேர்த்தால் என்ன என்று யோசனை கேட்கிறார். கூடவே ஒரு வேண்டுகோள்: அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை, நீங்களும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், தெரிந்தால் பள்ளியே போய்விடும். அவர் பயந்தது வீண் பயமில்லை. மே மாதமே அந்தப் பள்ளியைக் குறிவைத்து மாநிலம் சட்டம் போட்டது. அவர் ஓரிரவு சிறையில் இருந்தார். 1834 செப்டம்பரில் கும்பல் வந்து ஜன்னல்களை உடைத்தபின் பள்ளியை மூடினார். 1886இல்தான் கனெக்டிகட் வருடத்துக்கு 400 டாலர் ஓய்வூதியம் கொடுத்தது. யாரிடமும் காட்டாதே என்று எழுதிய கடிதத்தை இன்று உலகமே வாசிக்கிறது. வரலாற்றுக்கு அது தேவை என்பார்கள். எனக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை.

பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. ஆந்தனி வேறு மாதிரி. பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத 1872இல் ராச்செஸ்டரில் போய் வாக்களித்துவிட்டு, அன்றே தோழி எலிசபெத் கேடி ஸ்டான்டனுக்கு எழுதினார்: செய்தே முடித்துவிட்டேன் என்று, இரண்டு ஆச்சரியக்குறி போட்டு. வாக்கியங்களுக்கு நடுவே முழுக்கக் கோடுகள், மூச்சு வாங்குகிற மாதிரி. பழைய பிழைதிருத்துநராக நான் முதலில் எடுத்திருக்கக்கூடியவை அந்தக் கோடுகள்தான். அவற்றை எடுத்தால் கைதாகப்போகும் ஒருத்தியின் பரபரப்பு போய், இயக்கத் தலைவியின் அறிக்கை மிஞ்சும்.

ஸ்டான்டனுக்கு அதுதான் நடந்தது. அவருடைய மகளும் மகனும் 1922இல் தாயின் கடிதங்களை வெளியிட்டபோது வெட்டினார்கள், சேர்த்தார்கள், வாக்கியங்களையே மாற்றினார்கள். அம்மாவுக்கு நல்ல பெயர் தேடிக்கொடுக்கத்தான். ஆந்தனியோ, தன் வாழ்க்கை வரலாறு எழுதி முடிந்ததும் வீட்டிலிருந்த காகிதங்களில் பெரும்பகுதியை எரிக்க விட்டார். ஆனால் வீட்டில் எரிவது பெரும்பாலும் பிறர் நமக்கு எழுதியவைதானே. அவர் எழுதியவை ஊரெல்லாம் மற்றவர்களின் மேசை இழுப்பறைகளில் தப்பிக் கிடந்தன. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பதிப்புக் குழு 1982 முதல் தேடி, இருவருடைய ஆவணங்களில் சுமார் 14,000த்தைத் திரட்டியது.

இப்போது எங்களிடம் கையெழுத்தை வாசிக்கும் மென்பொருளும் வந்துவிட்டது. வேகம் அபாரம். ஆனால் அடித்த சொற்களை விழுங்கும், பிழைகளைச் சரிசெய்யும், கோடுகளைக் கமாவாக்கும். என் பழைய தொழிலின் கெட்ட பழக்கங்கள் எல்லாம் அதற்கு உண்டு. அது தரும் பிரதியை அசலோடு ஒப்பிட்டு, அது திருத்தியதையெல்லாம் திரும்பப் பிழையாக்குவதுதான் இப்போது என் காலை வேலை.