மழைக்கும் சேர்த்து ஒரு சுத்திகரிப்பு நிலையம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சாலையே போகாத ஒரு கடலோரப் பூர்வகுடிக் கிராமத்தில் கழிவுநீர் நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலையில் இருந்தேன். படகில் போகலாம், இல்லையென்றால் மிதவை விமானம். மூடுபனி இறங்கிவிட்டால் விமானமும் கிடையாது.

சட்டம் கேட்பது எளிமையானதுதான். 2012இல் வந்த மத்திய அரசு விதிகள்படி, நாளொன்றுக்கு 100 கனமீட்டரும் அதற்கு மேலும் கழிவுநீர் சேரும் இடங்களில், வெளியே விடும் நீரில் கலந்து நிற்கும் நுண்ணிய திடப்பொருள் சராசரியாக லிட்டருக்கு 25 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கரிமக் கழிவுக்கும் அதே அளவு. ஆபீசில் உட்கார்ந்து பார்த்தால் மெம்பரேன், அதாவது கழிவை வடிகட்டும் நுண்ணிய சவ்வு, போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முதல் வரைவு அப்படித்தான் இருந்தது.

அங்கே போனால் மழை, மழை, மழை. வருடத்துக்கு 3000 மில்லிமீட்டர் அந்தக் கரையில் பல ஊர்களுக்குச் சாதாரணம். நவம்பரில் ஒரு நாள், விடிவதற்கு வெகுநேரம் முன்பே ஆபரேட்டர் என்னைக் கூட்டிப்போய் மேன்ஹோல் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். நாற்றமே இல்லை. லேசான டீ நிறத்தில் தண்ணீர் ஓடை மாதிரி பாய்கிறது. "ஊரே தூங்குது, இந்த நேரத்துல யாரு இவ்வளவு குளிக்கிறாங்க?" என்று கேட்டுச் சிரித்தார். பழைய குழாய் இணைப்புகள் வழியாக நிலத்தடி நீர் உள்ளே வருகிறது, போதாததற்குச் சில வீடுகளின் கூரைத் தண்ணீரும் சாக்கடையில்தான் விழுகிறது.

இவ்வளவு நீர்த்துப்போன கழிவில், அதைத் தின்று சுத்தம் செய்யும் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு இல்லை. இருக்கிற பாக்டீரியாவையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். காட்டு மண்ணில் ஊறி வரும் அந்தத் தண்ணீரில் காரத்தன்மையும் மிகக் குறைவு. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற நுண்ணுயிர்களுக்கு 7 கிராமுக்கு மேல் காரத்தன்மை தேவை, அது தீர்ந்தால் தொட்டி அமிலமாகி வேலையே நின்றுவிடும். கடைசியில் கிருமியைக் கொல்லக் குளோரின் போட்டால் மீனுக்கு ஆகாது, சரி, யூ.வி. (புற ஊதா) விளக்கு போடலாம் என்றால் அந்த டீ நிறமே ஒளியைப் பாதி குடித்துவிடுகிறது.

கூட்டத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் 25 மில்லிகிராம் பற்றிக் கேட்கவே இல்லை. ஊருக்கு எதிரே இருக்கும் கரையில் மறுபடி எப்போது மட்டி தோண்டலாம் என்றுதான் கேட்டார். "கடல் இறங்கினால் சாப்பாடு பரிமாறியாயிற்று" என்று சொல்கிற மக்கள். கழிவுநீரைக் கடலில் விடும் குழாய்முனையைச் சுற்றிக் குறைந்தது 300 மீட்டருக்கு மட்டி எடுக்கத் தடை உண்டு, நிலையம் எவ்வளவு நன்றாக ஓடினாலும். அதனால் முனையைத் தள்ளி ஆழத்துக்குக் கொண்டுபோவதும் திட்டத்தில் சேர்ந்தது. அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால் சேர்ந்திருக்காது.

கடைசியில் மெம்பரேனைக் கைவிட்டோம். பணத்தில் பெரும்பங்கு குழாய்களுக்கு உள்ளுறை போடவும் கூரைக் குழாய்களைப் பிரித்துவிடவும் போனது. மீதியில் வெள்ளத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு பெரிய தொட்டி, ஆபரேட்டரே கழற்றி மாட்டக்கூடிய எளிய இயந்திரங்கள். நிதி கொடுப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் வடிவமைப்பைவிடக் கஷ்டமாக இருந்தது. மண்ணுக்கடியில் இருக்கும் குழாய்க்கு யாரும் ரிப்பன் வெட்ட வருவதில்லை.

இந்த நிலையங்களின் பராமரிப்புக்கான மத்திய நிதி முன்பு, சூத்திரப்படி கணக்கிட்ட செலவில் 80 சதவீதம்தான். 2020இல் அதை 100 ஆக்குவதாக அறிவித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்த ஆபரேட்டர் குடிநீர் நிலையத்தையும் சேர்த்தே பார்க்கிறார், அவர் லீவு எடுத்தால் பார்த்துக்கொள்ள இரண்டாவது ஆள் நான் கிளம்பும்வரை பயிற்சியில்தான் இருந்தார்.