காய்ப்பு காலில், காரணம் செருப்பில்

வலது பாதத்தில், இரண்டாம் விரலுக்குக் கீழே உள்ள மேட்டில் தோல் தடித்திருப்பதை முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை எனக்கு, கால் காய்த்துப்போவது இயல்புதானே என்று விட்டுவிட்டேன். சில மாதங்களில் வெறுங்காலோடு நடந்தாலே சின்னக் கல்லை மிதித்தது போல வலிக்க ஆரம்பித்தது.

குளித்து முடித்ததும் தோல் ஊறியிருக்கும், அப்போது பிளேடால் சீவிவிடுவேன். இரண்டு வாரம் நிம்மதி, அப்புறம் அதே இடத்தில் அதே அளவுக்குத் திரும்ப வளர்ந்துவிடும். ஒருநாள் ஆழமாகப் பட்டு ரத்தம் வந்தது. நான்கு நாள் நொண்டி நடந்தேன். அடுத்து மருந்துக்கடையில் கிடைக்கும் கார்ன் கேப் என்ற மருந்து பிளாஸ்திரியை வாங்கி ஒட்டினேன். அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம். தடித்த தோலைக் கரைக்கத்தான் அது, ஆனால் நல்ல தோல் எது, காய்ப்பு எது என்று அதற்குத் தெரியாது. நடக்கும்போது பிளாஸ்திரி நகர்ந்து, பக்கத்துத் தோல் வெள்ளையாக வெந்து எரிந்தது. அதற்குப் பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனேன்.

அவர் முதலில் அந்த இடத்தை நேராக அழுத்தினார், பிறகு இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினார். கிள்ளும்போது அதிகம் வலித்தால் மருவாக இருக்கலாம், அது வைரஸால் வருவது, வைத்தியமே வேறு என்றார். எனக்கு அழுத்தினால்தான் வலித்தது. மேல்தோலைச் சிறு கத்தியால் மெல்லிய ஏடுகளாகச் சீவினார். இறந்த தோல் என்பதால் வலியே இல்லை. மருவில் தெரியும் கரும்புள்ளிகள் இல்லை, தோலின் ரேகைகளும் கலையாமல் ஓடின. கால் ஆணி என்றால் நடுவில் கெட்டியான ஒரு முனை உள்நோக்கி இறங்கியிருக்குமாம், அதுவும் இல்லை. வெறும் காய்ப்புதான்.

"வாசலில் விட்ட செருப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார். உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். காய்ப்பு இருந்த அதே இடத்துக்கு நேராக ஒரு பள்ளம்! குதிகால் பக்கம் உயரம், முன்பக்கம் குறுகல், அடிப்பாகம் மெலிந்து கெட்டி. உடம்பின் எடை முன்னால் சரிந்து, அங்கே இருக்கும் எலும்பு முனையில் போய் இறங்கியிருக்கிறது. ஓரிடத்தில் அழுத்தமும் உரசலும் விடாமல் விழுந்தால், உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளத் தோலைத் தடிமனாக்குகிறது. நானோ அந்த அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு தோலை மட்டும் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முன்பக்கம் அகலமான, தாழ்ந்த, மெத்தென்ற காலணிக்கு மாறினேன். உள்ளே வைக்க ஒரு சின்ன மெத்தையும் கொடுத்தார். அதை வலிக்கிற மேட்டுக்கு அடியில்தான் வைக்க வேண்டும் என்று நினைத்தேன், வலி கூடிவிட்டது. மேட்டுக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாகத் தள்ளி வைத்தால்தான் எலும்பு முனை மேலிருந்து பாரம் விலகும். யாராவது இதை வாங்கினால் இந்த ஒன்றை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவில் வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் காலை ஊறவைத்து, கால் தேய்க்கும் கல்லால் லேசாகத் தேய்த்து, யூரியா கலந்த களிம்பு தடவுவேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் தேய்த்தெடுக்கப் பார்த்தால் புண்தான் ஆகும். ஆறு வாரத்தில் வலி போனது. தடிப்பு மட்டுப்பட மூன்று மாதம் ஆனது.

இதற்கு நடுவில் அம்மா, "எனக்கும் பாதத்தில் அப்படித்தான் இருக்கிறது, மிச்சமிருக்கும் பிளாஸ்திரியைக் கொடு" என்று கேட்டார். அம்மாவுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய். நல்லவேளை, மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவில்லை. கூடவே கூடாது என்றார். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், ரத்த ஓட்டமும் குறைந்திருக்கலாம். அமிலம் தோலை அரித்தாலும் தெரியாது, ஆறவும் நாளாகும். காய்ப்புக்கு அடியிலேயே புண் உருவாகி வெளியே தெரியாமல் இருப்பதும் உண்டு. காய்ப்புக்குள் கருஞ்சிவப்பாக ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே வரச் சொன்னார்.

அம்மாவின் பாதத்தை மெல்லிய நைலான் இழையால் தொட்டுச் சோதித்தார். கண்ணை மூடியிருந்த அம்மா, இரண்டு இடத்தில் தொட்டதைச் சொல்லவே இல்லை. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அவருடைய காய்ப்பை இப்போது மருத்துவமனையில்தான் சீவி எடுக்கிறார்கள். தினமும் இரவு விளக்கு வெளிச்சத்தில் அவருடைய பாதங்களை நான் பார்க்கிறேன். காலையில் அவர் வெளியே கிளம்பும்போது, செருப்புக்குள் கையை விட்டு முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போடக் கொடுக்கிறேன்.