30 நாள் பயிற்சியும் ஒன்பதாம் வகுப்பு ஒலிப்பதிவும்

போன வாரம் எங்கள் ஒன்றியத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்த ஆங்கில ஆசிரியை ஒருவர் போனில் கேட்டார்: "அக்கா, பெங்களூரு ட்ரெய்னிங்குக்கு என் பேரைக் கொடுக்கட்டுமான்னு எச்.எம். கேக்கறார். ஒரு மாசம் பிள்ளையை விட்டுட்டுப் போகணும். போனா நிஜமாவே ஏதாவது கிடைக்குமா?" பத்து நிமிடம் பேசினேன். அப்போது சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியை. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். பணிக்கு வந்து 9 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த 30 நாள் பயிற்சிக்குப் போனேன். அதற்கு முன் ஒரு நாள், இரண்டு நாள் பணியிடைப் பயிற்சிகளுக்கு நிறையப் போயிருக்கிறேன். பயிற்சி தர வரும் கருத்தாளர், தான் மாவட்ட அளவில் கேட்டதை எங்களுக்குச் சொல்வார். அவருக்குச் சொன்னவர் மாநில அளவில் கேட்டு வந்தவர். இப்படிக் கைமாறிக் கைமாறி வரும்போது, செய்து பார்க்க வேண்டிய பகுதி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. கருத்தாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்கும் கிடைத்தது ஒரே நாள்தான்.

பெங்களூருவில் இருப்பது தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம். 1963-இல் தொடங்கியது, ஞானபாரதி வளாகத்தில் இருக்கிறது. தென் மாநிலங்களிலிருந்து அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வருவார்கள். தங்கிப் படிக்க வேண்டும். என் அறைத்தோழி ராய்ச்சூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். எனக்குக் கன்னடம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. குடிக்க வெந்நீர் எங்கே பிடிப்பது என்று கேட்பதற்கும் ஆங்கிலம்தான் வழி. பாடம் நடத்துகிற ஆங்கிலம் வேறு, வெந்நீர் கேட்கிற ஆங்கிலம் வேறு என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது. நான்காம் நாள் இரவு அவர் தன் அம்மாவின் உடல்நிலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஏதேதோ ஆறுதல் சொன்னேன். விளக்கை அணைத்த பிறகுதான், தமிழில் யோசித்து மாற்றாமலே அவ்வளவு நேரம் பேசியிருக்கிறேன் என்று உறைத்தது. வகுப்பில் நின்று 9 ஆண்டுகளில் எனக்கு அது நடந்ததில்லை.

ஒலியியல் வகுப்புகள் பலருக்குச் சுமையாக இருந்தன, எனக்குப் பிடித்தன. ஃபோட்டோகிராஃப் என்றால் அழுத்தம் முதல் அசையில். ஃபொட்டாகிரஃபி என்றால் இரண்டாவதில். ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதில். தமிழில் அசையழுத்தம் மாறினால் சொல்லின் பொருள் மாறாது. அதனால் நம் காது அதைத் தேடுவதே இல்லை. மேசையில் தட்டித் தட்டிச் சொல்லிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

அப்புறம் பிரபு. ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என்.எஸ். பிரபு சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியபோது, 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண வரிசையில் பாடம் நடத்தவில்லை. பிள்ளைகள் கையில் ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த ரயிலில் போனால் நேரத்துக்குச் சேரலாம் என்று கண்டுபிடிக்க வைத்தார்கள். மனம் பொருளில் ஊன்றி நிற்கும்போது இலக்கணம் உள்ளே தானாக வளரும் என்பது அவர் நம்பிக்கை. இப்படி ஒரு வேலையைக் கொடுத்து, அதன் வழியாக மொழி கற்பிக்கும் முறை பற்றி எந்த நாட்டில் பேசினாலும் இந்தச் சோதனையைச் சொல்கிறார்கள். நம் கடலூர்ப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்! பி.எட். முடித்து வந்த எனக்கு அதுவரை இது தெரியாது.

கடைசி வாரத்தில் ஒரு பேராசிரியர் சொன்னார்: "ஊருக்குப் போனதும் உங்கள் பீரியட் ஒன்றைப் பதிவு செய்து, தனியாக உட்கார்ந்து கேளுங்கள்." சரி என்று ஒன்பதாம் வகுப்பில் போனை மேசைமேல் வைத்துப் பதிவு செய்தேன். அன்றிரவு கேட்டேன். 40 நிமிடத்தில் 31 கேள்வி கேட்டிருக்கிறேன். கேட்டு முடித்த மூச்சு அடங்குவதற்குள் பதிலையும் நானே சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளின் குரல் "யெஸ் மிஸ்" தவிர வேறெதுவும் இல்லை. ஓரிடத்தில் ஒரு பையன் "பிகாஸ்..." என்று தொடங்குகிறான். அவன்மேல் என் குரல் ஏறி விழுகிறது. அந்த ஓரிடத்தை நான்கு முறை ஓட்டிக் கேட்டேன். அவன் என்ன சொல்ல வந்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் அளந்து காட்டியிருக்கிறார். அதை 3 நொடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்பது அவர் கண்டது. இதைப் பயிற்சியிலேயே குறிப்பெடுத்திருந்தேன். குறிப்பேட்டில் இருந்தது, வகுப்பில் இல்லை.

இப்போது கேள்வி கேட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்குகிறேன். முதல் வாரம் அந்த அமைதியைத் தாங்குவது கடினமாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் பேருந்து நேரங்களைக் கரும்பலகையில் எழுதி, "பாட்டி 10 மணிக்குள் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், எதில் ஏற்றிவிடுவாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். விரல் மடக்கினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி: "செவன் ஃபார்ட்டி பஸ், மிஸ். நெக்ஸ்ட் பஸ் லேட் கமிங். கிராண்ட்மா ஸ்லோ வாக்கிங்." பாட்டி மெதுவாக நடப்பாள் என்பது என் கணக்கிலேயே இல்லை. அந்த வாக்கியத்தை அன்று நான் திருத்தவில்லை.

சென்னையில் ஒரு தோழி செல்டா என்ற, ஆங்கிலம் கற்பிப்பதற்கான கேம்பிரிட்ஜ் சான்றிதழ்ப் படிப்பை முடித்திருக்கிறாள். 120 மணி நேரப் படிப்பு. அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும், பயிற்றுநர் உட்கார்ந்து பார்ப்பார். பெரியவர்களுக்குக் கற்பிப்பதற்கான படிப்பு, செலவும் அதிகம், நம் வகுப்புக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அந்த 6 மணி நேரம் நம் ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும். அதிகாரியின் ஆய்வாக இல்லாமல், கூடவே உட்கார்ந்து யோசிக்கிற ஒருவரின் பார்வையாக.

அது கிடைக்காததால் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் மூன்று பேரும் நானும் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறோம். ஒருவர் தன் வகுப்புப் பதிவிலிருந்து 10 நிமிடம் போட்டுக் காட்டுவார். மற்றவர்கள் முதலில் கேள்வி மட்டும்தான் கேட்கலாம், அறிவுரை பிறகு.

அதனால் அந்த ஆசிரியையிடம் சொன்னது இதுதான்: போய் வா. போகும் முன் உன் வகுப்பு ஒன்றைப் பதிவு செய்து கூடவே எடுத்துப் போ. அங்கே கேட்பதையெல்லாம் அதோடு ஒட்டி வைத்துப் பார். அடுத்த சனிக்கிழமை என் முறை, எட்டாம் வகுப்புப் பதிவு. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.