மா மூட்டை போன பிறகு

ஒக்டோபர் 3
எங்கள் கடையிலிருந்த ஐந்து மா மூட்டையும் போய்விட்டது. சீனியைத் தொடவில்லை.

ஒக்டோபர் 4
நேற்று அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. சோதிக்க வந்த பீ.எச்.ஐ. மாத்தையா, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், திகதி ஒட்டியிருந்த தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் இன்னொரு திகதி. ஏப்ரலிலேயே முடிந்திருக்கிறது. மூட்டையைப் பிரித்தால் மா கட்டி கட்டியாக வந்தது, விரல் இடுக்கில் வண்டு ஊர்ந்தது. மாதிரி எடுத்து மூன்று பங்காக்கி, நூல் சுற்றி அரக்கு வைத்தார். ஒரு பங்கு கொழும்புக்கு, ஒன்று அவரிடம், ஒன்று எங்களுக்காம். வைக்க இடமில்லாமல் சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறோம்.

"பில் எங்கே?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். கடனுக்கு எடுக்கும் தோட்டத்துக் கடைக்கு எந்த மொத்த வியாபாரி பில் எழுதினான்? சிட்டைத் துண்டில் தொகை மட்டும் இருக்கும். கடைப் பேர்கூட இருக்காது.

ஒக்டோபர் 5
மழை. தோட்டத்து லய வீடுகளிலிருந்து ஒருவரும் வரவில்லை. மழையால் அல்ல.

ஒக்டோபர் 7
மேல் வீட்டு அக்கா வந்தார். சின்னவனுக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டமாம். "போன கிழமை தந்த மாவும் அதுதானா தங்கச்சி?" என்று கேட்டார், கோபமே இல்லாமல். நாங்களும் அதே மாவில்தான் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டோம் என்றேன். அது என்ன பதில்.

ஒக்டோபர் 8
சின்னவன் எழுந்து விளையாடுகிறான். தண்ணீராகக்கூட இருக்கலாம்.

ஒக்டோபர் 11
பகுப்பாய்வாளர் அறிக்கை வரவில்லை. தந்த கடிதத்தில் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் என்று இருக்கிறது. 'மனித பாவனைக்கு உதவாத' என்று இரண்டு இடத்தில். அப்பா அதை மடித்து சேர்ட் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார்.

மூட்டைகளைக் கோழித் தீனிக்கு விற்றுவிடுவார்கள் என்று கடையில் யாரோ கொளுத்திப் போட்டார்கள். அப்பா நேரே போய்க் கேட்டுவிட்டார். நீதவான் கட்டளை வந்ததும் பிரதேச சபை குப்பை மேட்டில் குழி வெட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைப்பார்களாம். மண்ணெண்ணெய் எதற்கு? இரவில் ஆட்கள் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்றுதானாம். அப்பா அதற்குப் பிறகு இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றார்.

ஒக்டோபர் 13
மொத்தக் கடை லொறி இன்றும் மேல் டிவிசனுக்கு ஏறியது. தார்ப்பாய் போட்டு மூடி. அதை யார் சுரண்டிப் பார்ப்பது?

ஒக்டோபர் 15
ஹட்டன் டவுனில் தீபாவளிச் சோதனையாம். இனிப்புக் கடை, ஹோட்டல் எல்லாம். நல்லதுதான். எனக்கு எரிச்சலாக வருகிறது, நல்லதுதான்.

ஒக்டோபர் 16
அப்பா பில் கேட்கப் போனார். பாக்கி முழுவதையும் கட்டினால் தருவானாம், அதுவும் இன்றைய திகதி போட்டு. மூட்டையில் மட்டும் எந்தத் திகதி வேண்டுமானாலும் ஒட்ட வரும்!

ஒக்டோபர் 18
வழக்கு 28 ஆம் திகதி. லோயர் காசு தனி.

அம்மா முறுக்குக்கு அவிக்க மா வாங்கி வரச் சொன்னார். எந்தக் கடையில் என்றேன். "அங்கதான். வேற யாரு இப்ப நமக்குக் கடன் தருவா?"