பெரிய ரீஃப் தொட்டிக்கு ரியாக்டர்: பெட்டியில் இருக்கும் லிட்டரை விடுங்கள், குழாயின் விட்டத்தைப் பாருங்கள்

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிதான் ரீஃப் தொட்டி. தண்ணீரைச் சுத்தப்படுத்தும் துகள்களை (மீடியா) நிரப்பி, அவற்றின் வழியாகத் தொட்டித் தண்ணீரை ஓடவிடும் குழாய்தான் மீடியா ரியாக்டர். அதன் பெட்டிகளில் "இத்தனை லிட்டர் தொட்டி வரைக்கும்" என்று ஓர் எண் இருக்கும். டூ லிட்டில் ஃபிஷீஸ் நிறுவனத்தின் பாஸ்பான் 150, பாஸ்பான் 550 மாடல்களில் அது பெயரிலேயே வருகிறது. அமெரிக்க காலன் கணக்கு அது. லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 570, 2,080. முந்நூறு லிட்டர் தொட்டிக்கு இந்த எண்ணை நம்பி வாங்கினால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது. ஆயிரம் லிட்டரைத் தாண்டிய ரீஃபுக்கு அது உதவாது. குழாயின் உள்விட்டம் எவ்வளவு, போடப்போகும் மீடியா அதில் எவ்வளவு உயரம் நிற்கும், அதை அசைக்க மணிக்கு எத்தனை லிட்டர் ஓட வேண்டும் என்பதைத்தான் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. அளவுகோலைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

ஒரு தொட்டியை வைத்துக் கணக்குப் போடுவோம். நீளம் 240 செ.மீ., அகலம் 75, உயரம் 65. தண்ணீர் 60 செ.மீ. வரை நிற்கிறது என்றால் 1,080 லிட்டர். மணலும் பாறையும் அடைக்கும் இடத்தைக் கழித்து, சம்ப்பில் (கீழே இருக்கும் துணைத் தொட்டி) இருக்கும் 200 லிட்டரைக் கூட்டினால் தோராயமாக 1,150 லிட்டர். மீடியா அளவை எப்போதும் இந்த நிகரத் தண்ணீருக்குத்தான் போட வேண்டும், கண்ணாடியின் வெளி அளவுக்கு அல்ல.

இந்தத் தொட்டியில் பாஸ்பேட் 0.3 பிபிஎம் (லிட்டருக்கு 0.3 மில்லிகிராம்) இருக்கிறது, 0.1க்குக் கொண்டுவர வேண்டும். அகற்ற வேண்டியது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், மொத்தம் 230 மில்லிகிராம்தான். ஒரு சிட்டிகை. அப்படியானால் ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு துகள்) ஏன் இரண்டு மூன்று வாரத்தில் செத்துப்போகிறது? ஒரு காரணம் தீவனம். உலர் தீவனத்தில் 1 சதவீதம் பாஸ்பரஸ் என்று வைத்தாலும் 10 கிராம் போட்டால் 100 மில்லிகிராம் பாஸ்பரஸ், பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் 300 மில்லிகிராமுக்கு மேல். ஸ்கிம்மரும் (நுரையோடு கழிவை வெளியேற்றும் கருவி) பாசியும் பவளமும் எதையும் எடுக்காவிட்டால் ஒரே நாளில் 0.26 பிபிஎம் ஏறிவிடும். இன்னொரு காரணம் பாறையும் மணலும். கால்சியம் கார்பனேட் பரப்பு பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் குறையக் குறையத் திருப்பி விடும். அதனால்தான் முதல் வாரம் 0.1 காட்டிய டெஸ்ட் அடுத்த வாரம் 0.2 என்று எழுந்து நிற்கிறது. ரியாக்டர் வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. பழைய பாறை நிறைய உள்ள தொட்டியில் இந்தக் கடன் தீர மாதங்கள்கூட ஆகும். தீவனத்தைப் பார்க்காமல் ரியாக்டரை மட்டும் பெரிதாக்கினால் ஜிஎஃப்ஓ விற்பவருக்குத்தான் லாபம்.

முதல் தடவை எவ்வளவு போடுவது? 1,150 லிட்டருக்கு 250 முதல் 300 மி.லி. சாதாரண ஜிஎஃப்ஓ, அதற்கு மேல் வேண்டாம். ஹை கெபாசிட்டி வகை என்றால் அதிலும் பாதி. பெட்டியில் ஒரு லிட்டர் என்று எழுதியிருந்தாலும் சரி. பாஸ்பேட் சடாரென்று விழுந்தால் அக்ரோபோரா போன்ற எஸ்பிஎஸ் (சிறு பாலிப் கல்) பவளங்கள் அடியிலிருந்து திசு உரிய ஆரம்பிக்கும். ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 10, 11 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு) என்று உயரத்தில் இருக்கும்போது இது இன்னும் மோசம். 7.5 முதல் 8.5க்குள் நிலையாக வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பூஜ்யத்துக்கு இறக்குவது சாதனை அல்ல: நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் காணாமல் போன தொட்டியில் பாசிக்குப் பதில் டைனோ (டைனோஃப்ளாஜெலேட் என்ற நுண்ணுயிர்) வந்து உட்காரும், அதை விரட்டுவது பாசியை விரட்டுவதைவிடப் பெரிய தலைவலி. 0.03க்கும் 0.1க்கும் இடையில் நின்றால் போதும்.

டெஸ்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹன்னா ஹெச்ஐ736 செக்கர் காட்டுவது பாஸ்பேட் அல்ல, பிபிபி அளவில் (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பாஸ்பரஸ். 3.066ஆல் பெருக்கி 1,000ஆல் வகுக்க வேண்டும். 33 என்று காட்டினால் ஏறக்குறைய 0.1 பிபிஎம் பாஸ்பேட். அதன் பிழை அளவே ஐந்து பிபிபி இருப்பதால் 10க்கும் 13க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். தொட்டித் தண்ணீர் ஒரு டெஸ்ட், ரியாக்டரிலிருந்து வெளியே வரும் தண்ணீர் ஒரு டெஸ்ட். இரண்டும் ஒன்றாக வந்தால் மீடியா தீர்ந்துவிட்டது. காலண்டரைப் பார்த்து மாற்றுவதைவிட இது நம்பகமானது.

இப்போது குழாய். உள்விட்டம் 10 செ.மீ. என்றால் குறுக்குப் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. 15 செ.மீ. என்றால் 177. விட்டம் ஒன்றரை மடங்கு, பரப்பு இரண்டேகால் மடங்கு. ஜிஎஃப்ஓவை அசைப்பது பம்பின் லிட்டர் கணக்கு அல்ல, குழாய்க்குள் தண்ணீர் மேலேறும் வேகம். 10 செ.மீ. குழாயில் மணிக்கு 150 லிட்டரில் அசையும் மீடியா, 15 செ.மீ. குழாயில் அசைய 340 லிட்டர் வேண்டும். உயரமும் அப்படித்தான். 300 மி.லி. ஜிஎஃப்ஓ 10 செ.மீ. குழாயில் கிட்டத்தட்ட 4 செ.மீ. நிற்கும், 15 செ.மீ. குழாயில் 2 செ.மீ.கூட நிற்காது. அவ்வளவு மெல்லிய படுகையில் தண்ணீர் ஓர் ஓரமாக ஓட்டை போட்டுக்கொண்டு போய்விடும், மீதி மீடியா சும்மா கிடக்கும். அதே 10 செ.மீ. குழாய் பின்னாளில் ஒரு லிட்டர் போட்டாலும் 13 செ.மீ.க்குள் தாங்கும். ஆகவே இந்தத் தொட்டிக்கு ஜிஎஃப்ஓ ரியாக்டர் 9 முதல் 10 செ.மீ. விட்டம், 35 செ.மீ.க்குக் குறையாத உயரம். பெரிய தொட்டி என்பதற்காகத் தடியான ரியாக்டர் வாங்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

அடித்தட்டில் துளைகள் குழாயின் முழு அகலத்துக்கும் இருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். நடுவில் மட்டும் துளை உள்ள மாடலில் நடு மட்டும் எழும், ஓரம் கட்டியாகும். குழாய் சாய்ந்து நின்றாலும் இதே கதி. ரசமட்டம் வைத்து நிறுத்துங்கள். சரியான ஓட்டம் எது? சிறு தீயில் கஞ்சி கொதிக்கும்போது மேலே மெல்லக் குமிழுமே, அந்த அளவு மேற்பரப்பு அசைந்தால் போதும். குழாய் முழுக்கச் சுழன்றால் துகள்கள் ஒன்றோடொன்று உரசிப் பொடியாகி, செந்நிறத் தூளாகத் தொட்டிக்குள் போகும். அசையாமல் கிடந்தாலோ கால்சியம் கார்பனேட் படிந்து மொத்தமும் ஒரே பாளமாக இறுகும், உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆல்கலினிட்டி அல்லது கால்க்வாசர் (சுண்ணாம்பு நீர்) டோசிங் குழாயை ரியாக்டர் பம்ப் உறிஞ்சும் இடத்துக்கு அருகில் வைத்தவர்களுக்கு இது சீக்கிரமே நடக்கும்.

ஓட்டத்தை அளக்க மீட்டர் வேண்டாம். வெளிவரும் குழாயை ஒரு லிட்டர் குடுவையில் பிடித்து நொடியை எண்ணுங்கள்; 3,600ஐ அந்த நொடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று தெரியும். 20 நொடி என்றால் 180. வாரத்துக்கு ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேல் ஸ்பாஞ்சில் அழுக்கு சேரச் சேர ஓட்டம் சத்தமில்லாமல் குறையும். ரிட்டர்ன் பம்பிலிருந்து (சம்ப் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் பம்ப்) மேனிஃபோல்ட் (கிளைக்குழாய்) எடுத்திருந்தால் பந்து வால்வு (ball valve) வைக்காதீர்கள். கால் சுற்றில் திறந்து மூடுவதில் 150ஐயும் 200ஐயும் பிரிக்க முடியாது. பல சுற்றில் திறக்கும் கேட் வால்வுதான். அதையும் ரியாக்டருக்குள் நுழையும் பக்கம் வையுங்கள்; வெளியேறும் பக்கம் வைத்தால் பம்பின் முழு அழுத்தமும் குழாயின் மூடிமேல் ஏறும், மூடியை அடைக்கும் எந்த ஓ-ரிங்கும் (ரப்பர் வளையம்) ஒருநாள் கைவிடும். வேகம் மாற்றக்கூடிய டிசி பம்ப் என்றால், வேகத்தைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் ரியாக்டரையும் திரும்ப அளந்து சரிசெய்ய வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாதவர்கள் ரியாக்டருக்கென்று தனிச் சிறு பம்ப் வைத்துக்கொள்ளலாம்.

கார்பன் (தண்ணீரின் மஞ்சள் நிறத்தை எடுக்கும் கரித்துகள்) இதற்கு நேர் எதிர். அது அசையவே கூடாது. இரண்டு ஸ்பாஞ்சுக்கு நடுவில் இறுக்கமாக அடைத்து, மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். அசைந்தால் உரசித் தூள் வரும். 2011ல் வெளியான ஓர் ஆய்வில், லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) கார்பன் ஓடிய தொட்டியில் இருந்த ஓஷன் சர்ஜன் மீன்களுக்கு முகத்திலும் பக்கவாட்டுக் கோட்டிலும் அரிப்புப் புண்கள் வந்தன. அதே குடும்பத்து டாங் மீன் வைத்திருப்பவர்கள் மலிவான, மெத்தென்ற கார்பனைத் தவிர்ப்பதற்கு அதுவே போதும். கெட்டியான பெல்லட் வகையை வாங்கி, ஆர்ஓ தண்ணீரில் கறுப்பு போகும்வரை அலசுங்கள். 1,150 லிட்டருக்கு 250 மி.லி.யில் ஆரம்பித்து 500 வரை போகலாம், மூன்று நான்கு வாரத்தில் மாற்றலாம். நீண்ட நாள் கார்பன் இல்லாத தொட்டியில் ஒரே நாளில் முழு அளவு போட்டால் மஞ்சள் நிறம் போய்த் தண்ணீர் பளிச்சென்றாகும், பவளத்துக்குக் கிடைக்கும் வெளிச்சம் திடீரென்று கூடி வெளுத்துப்போகும். விளக்கைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டுப் போடுங்கள்.

ஒன்று அசைய வேண்டும், மற்றது அசையக் கூடாது என்பதால் இரண்டையும் ஒரே குழாயில் கலந்து போடுவது பெரிய தொட்டியில் சரிவராது. மாற்றும் நாளும் வேறு வேறு. தனித்தனி ரியாக்டர், தனித்தனி வால்வு. இடமில்லாமல் இரட்டைக் குழாய் மாடல்தான் என்றால், தண்ணீர் கார்பன் வழியாகப் போய்ப் பிறகு ஜிஎஃப்ஓவுக்குள் நுழையட்டும்.

பயோபெல்லட் (பாக்டீரியாவுக்கு உணவாகும் பிளாஸ்டிக் மணிகள்) வேறு ஜாதி. அதற்கு எல்லா மணிகளும் விடாமல் சுழல வேண்டும், ஆனால் தொட்டிக்குள் போகும் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சாதாரண ரியாக்டரால் ஒன்றாகச் செய்ய முடியாது; தண்ணீரை உள்ளேயே சுற்றவிடும் ரீசர்க்குலேட்டிங் மாடலை வாங்குங்கள். 250 மி.லி.யில் ஆரம்பித்து மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூட்டலாம். வெளிவரும் குழாயின் வாய் ஸ்கிம்மர் உறிஞ்சும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழன்று வரும் பாக்டீரியா தொட்டியை மங்கலாக்கும். இது பாஸ்பேட்டைவிட நைட்ரேட்டைத்தான் அதிகம் தின்னும். நைட்ரேட் ஏற்கெனவே பூஜ்யம் என்றால் இந்த ரியாக்டருக்குச் செலவழிக்காதீர்கள். கரண்ட் போய்ச் சில மணிநேரம் நின்றுவிட்டால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து அழுகின முட்டை நாற்றம் வரும். அந்தத் தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் விடாதீர்கள். கழற்றிக் கொட்டி, உப்புத் தண்ணீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள்.

எந்த ரியாக்டரானாலும் சம்ப்புக்குள்ளேயே நிற்கும் அளவில் கிடைத்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். கசிந்தால் சம்ப்பில் விழும், தரையில் அல்ல. வெளியே வைத்தே ஆக வேண்டும் என்றால், பம்ப் நின்றதும் தண்ணீர் பின்னோக்கி இழுத்து மீடியா பம்புக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓ-ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும். பெட்ரோலியம் ஜெல்லி ரப்பரை ஊதவைத்துவிடும். புது மீடியா போட்டதும் முதல் 10 லிட்டரை வாளியில் பிடித்துக் கொட்டிவிட்டு, தெளிவாக வந்த பிறகு குழாயைச் சம்ப்புக்குத் திருப்புங்கள். மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். அங்கே ஒரே ஒரு ஜிஎஃப்ஓ துகள் மாட்டினாலும் இரவெல்லாம் சொட்டும்.