காலி இடம் என்று எழுதுவதற்கு முன்னால்

தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். மழைக்காலம் வந்தால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். பஸ் சுற்றிக்கொண்டு போகும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று நின்றே பள்ளிக்குத் தாமதமாகப் போன நாள்களுக்குக் கணக்கே கிடையாது. எல்லாம் நம் பக்கத்துத் தலையெழுத்து என்றுதான் வீட்டில் சொல்வார்கள். எங்கே பாலம், எங்கே குப்பைக் கிடங்கு, எங்கே ஆலை என்பதையெல்லாம் யாரோ உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள், அதற்கென்று நகரமைப்பு என்று ஒரு படிப்பே இருக்கிறது என்பது பி.இ. சிவில் மூன்றாம் ஆண்டில்தான் எனக்குத் தெரிந்தது. வடசென்னைப் பிள்ளைகளுக்கு இது இன்னும் முன்பே தெரியவேண்டும் என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

சிவிலும் கட்டடக்கலையும் படித்தவர்களுக்கு மட்டும்தான் நகரமைப்பு என்று பலர் நினைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. பி.பிளான் என்ற திட்டமிடல் இளநிலைப் பட்டம் முடித்தவர்கள் வரலாம். பல கல்வி நிறுவனங்களில் புவியியல், பொருளாதாரம், சமூகவியல் ஆகியவற்றில் முதுகலை முடித்தவர்களுக்கும் எம்.பிளான் என்ற திட்டமிடல் முதுநிலைப் படிப்பில் இடம் உண்டு. இரண்டு ஆண்டுப் படிப்பு. டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய ஊர்களில் மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுக்கு கேட் (GATE) என்ற அகில இந்தியத் தேர்வின் மதிப்பெண் வேண்டும். இங்கே அண்ணா பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாம். கேட் எழுதாதவர்களுக்காக அங்கே 2023 முதல் சீட்டா என்ற நுழைவுத் தேர்வு நடக்கிறது.

கேட் தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை கோட்டைவிட்டதற்குக் காரணம் நான் படித்த விதம். ஒரு பயிற்சி மையத்தில் கொடுத்த ஜெராக்ஸ் கட்டை வைத்துக்கொண்டு பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்தேன். எபனேசர் ஹோவர்டு, தோட்ட நகரம், 1898. கிளாரன்ஸ் பெர்ரி, அண்டைக் குடியிருப்பு அலகு, 1929. தேர்வு அறையில் கேள்வி சற்று வளைந்து வந்ததும் கை நின்றுவிட்டது.

இரண்டாம் முறை ஒவ்வொரு கருத்தையும் எங்கள் தெருவில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். பெர்ரி என்ன சொல்கிறார்? குடியிருப்பின் நடுவே பள்ளி இருக்கவேண்டும். குழந்தை கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர் நடந்து, பெரிய சாலையைக் கடக்காமல் பள்ளிக்குப் போய்ச் சேரவேண்டும். கொருக்குப்பேட்டைக் குழந்தை தண்டவாளத்தைக் கடந்து போகிறது. அதை ஒருமுறை யோசித்துவிட்டால் பெர்ரி ஆயுளுக்கும் மறக்கமாட்டார். நகரமைப்பு முன்னோடி பாட்ரிக் கெடிஸும் அப்படித்தான். 1914-இல் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் இந்தியாவுக்கு வந்தவர் அவர். ஊரைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து, இருப்பதை அறிந்துகொண்ட பிறகே திட்டம் போடவேண்டும் என்று வற்புறுத்தியவர். நம் ஊருக்கே வந்து போன மனிதர் என்று தெரிந்ததும் பாடப்புத்தகத்தில் இருந்த அந்நியம் விலகியது.

கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேட் தேர்வில் கட்டடக்கலை, திட்டமிடல் தாளுக்கு மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண்கள். பொது அறிதிறனுக்கு 15, எல்லோருக்கும் பொதுவான பகுதிக்கு 60, கட்டடக்கலை அல்லது திட்டமிடல் என்று நாம் தேர்ந்தெடுக்கும் பகுதிக்கு 25. விடையை எண்ணாக எழுதும் கேள்விகளுக்குத் தவறினாலும் மதிப்பெண் குறையாது. அவற்றை விட்டுவிட்டு வராதீர்கள். தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பது), மக்கள்தொகை அடர்த்தி, வளர்ச்சி விகிதம் என்று சுற்றிச் சுற்றிச் சில வகைக் கணக்குகள்தான் வரும். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. அதில் குறியீடு 2 என்றால் 4800 சதுர அடி கட்டலாம். நம் பக்கம் அரை கிரவுண்டு மனைகள்தானே அதிகம்? அவற்றை வைத்துப் போட்டுப் பாருங்கள். இடைவெளி விட்டு, படிக்கட்டு போட்டு, வண்டி நிறுத்த இடம் ஒதுக்கினால் அங்கே என்னதான் கட்டமுடியும் என்று கேள்வி தானாக எழும். அந்தக் கேள்வி எழுந்துவிட்டால் படிப்பு உங்களுக்குப் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான பயிற்சி ஸ்டூடியோவில்தான். ஒரு பகுதியைக் கையில் கொடுத்து, வீடு வீடாக ஆய்வு செய்து, வரைபடம் வரைந்து, திட்டம் போடச் சொல்வார்கள். எங்கள் குழுவுக்குக் காசிமேட்டுக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு பகுதி கிடைத்தது. என் பக்கத்து ஊர், எனக்குத் தெரியாததா என்ற நினைப்போடு போனேன். பிற்பகல் மூன்று மணி. சாலைக்கும் கடலோரக் கல் தடுப்புக்கும் நடுவே நீளமாக ஒரு திட்டு. ஆள் இல்லை, பொருள் இல்லை. நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா. அந்தத் திட்டுக்கு நான் எந்த வண்ணமும் தீட்டவில்லை. "காலி இடம்" என்று எழுதினேன்.

மறுவாரம் அச்செடுத்த வரைபடத்தைக் குப்பத்தில் தரையில் விரித்துக் காட்டினோம். வயதான ஒரு அம்மா குனிந்து உட்கார்ந்து, தன் வீட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். அந்த வெள்ளைப் பகுதியில் விரல் நின்றது. "இங்கே என்ன எழுதியிருக்கிறாய் கண்ணு?" படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காலையில் ஒருநாள் வந்து பார்" என்றார். விரல் நுனியிலிருந்த ஈரம் காகிதத்தில் வட்டமாகப் பதிந்திருந்தது.

போனேன். அந்தத் திட்டு முழுக்க நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு ஓரத்தில் நான்கு பேர் கால் விரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் மணலிலேயே காயவைத்தார்களாம். 1870-களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு மணலோட்டம் தடைபட்டு, தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கடல் கரையைத் தின்றது. இதைப் பாடத்தில் படித்திருந்தேன். மிச்சமிருக்கும் அந்தத் துண்டு நிலத்தில் நின்றபோதுதான் அதன் பொருள் விளங்கியது. அதைக் காலி என்று எழுதியது என் கை. அந்த வரைபடம் அப்படியே ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தால், பிற்பாடு வருகிற ஒருவர் அங்கே வாகன நிறுத்தமோ பூங்காவோ வரைந்திருப்பார்; அவர் மேலும் தப்பு இருந்திருக்காது.

அன்று மாலை, கடலோரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று வரையறுக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை எடுத்துப் படித்தேன். மீனவர்களின் பொதுச் சொத்துகள், மீன் காயவைக்கும் இடங்கள் முதலானவற்றை வரைபடத்தில் குறிக்கவேண்டும் என்று 2011 அறிவிக்கையிலேயே தெளிவாக இருக்கிறது. தேர்வுக்காக நான் அதில் படித்தது, கரையிலிருந்து எவ்வளவு தூரம் அந்த மண்டலம் என்று சொல்லும் 500 மீட்டர் என்ற எண்ணை மட்டும். ஆகவே ஆய்வுக்குப் போகும்போது விடியற்காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் போங்கள். ஆண்கள் மட்டும் பதில் சொல்கிற வீட்டில் பெண்களிடமும் கேளுங்கள்.

இன்னும் சில. க்யூஜிஐஎஸ் (QGIS) வரைபடம் தயாரிக்கும் இலவச மென்பொருள். கல்லூரி சேரும்வரை காத்திருக்காமல் இப்போதே பழகலாம். பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவை வரைபடம்), அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) ஆகியவற்றைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஊர்க் குடியிருப்பு நிலமான நத்தம் எது, ஏரி குளம் சார்ந்த அரசு நிலமான நீர்நிலைப் புறம்போக்கு எது என்று தெரியாமல் இந்த வேலையில் ஒரு நாளும் தள்ளமுடியாது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் வந்தது, 2026-ஐ இலக்காகக் கொண்டது. அதில் உங்கள் வார்டை மட்டுமாவது எடுத்து வைத்துக்கொண்டு, சொன்னதில் எது நடந்திருக்கிறது என்று நடந்து பாருங்கள். நேர்முகத் தேர்வில் எனக்குப் பேசக் கிடைத்தது முழுக்க அதுதான். வேலைக்குப் போய்க்கொண்டே தகுதி பெற விரும்புகிறவர்களுக்கு, 1951-இல் தொடங்கிய இந்திய நகரமைப்பாளர் கழகம் நடத்தும் இணை உறுப்பினர் தேர்வு இருக்கிறது. அரசுப் பணி வேண்டுமென்றால் நகர் ஊரமைப்பு உதவி இயக்குநர் பதவிக்கான டிஎன்பிஎஸ்சி அறிவிப்பைக் கவனித்துவாருங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். அறிக்கையும் ஆங்கிலத்தில். ஆனால் 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, திட்டத்தின் வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் கேட்கவேண்டும். கேட்டால் யார் வருகிறார்கள்? புரிந்தவர்கள் வருகிறார்கள். அதனால் முதல் பருவத்திலிருந்தே ஒரு நோட்டுப் போட்டு, படித்த ஒவ்வொரு சொல்லையும் அம்மாவுக்கு விளங்கும்படி தமிழில் எழுதிப் பழகினேன். மண்டலம் மாற்றுவது என்றால் என்ன, சாலை அகலப்படுத்தும் கோடு வீட்டின் மேல் விழுந்தால் என்ன செய்யலாம், ஆட்சேபத்தை யாருக்கு எழுதவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு ஆண்டில் மூன்று நோட்டு நிரம்பியது. தேர்வுக்கு முன்தினம்கூட அவற்றைத்தான் புரட்டினேன். காசிமேட்டு அம்மாவிடம் திருத்திய வரைபடத்தைக் கொண்டுபோனபோதும் மூன்றாவது நோட்டு கையில் இருந்தது. இம்முறை அந்தத் திட்டில் "மீன் காயவைக்கும் இடம், வலை தைக்கும் இடம்" என்று தமிழிலேயே எழுதியிருந்தேன். பேத்தியைக் கூப்பிட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, ஐஸ் பெட்டிகள் வைக்கிற மூலையையும் சேர்த்துக்கொள் என்று விரலால் காட்டினார்.