பின்வரிசையில் நின்றவர்கள்

எங்கள் கல்லூரியின் 15 வயதுக்குட்பட்டோர் உதைபந்தாட்ட அணியில் எனக்குப் பின்வரிசையில் இடம் கிடைத்ததற்கு, முன்வரிசைக்கு வேண்டிய வேகம் என்னிடம் இல்லாததே காரணம். பந்து வந்தால் மைதானத்தின் மறுபாதிக்கு ஓங்கி அடித்துவிடுவதுதான் பின்வரிசைக்காரனின் வேலை என்று மாணவர்களாகிய நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்த காலம் அது.

எங்களைப் பயிற்றுவித்த ஆசிரியர் அதை ஒருபோதும் ஏற்றதில்லை. பந்தோடு வருகிறவனின் கால்களைப் பார்க்காமல் இடுப்பைப் பார்க்கச் சொல்வார். கால் எத்தனை ஏமாற்றுக் காட்டினாலும், இடுப்புத் திரும்பும் பக்கந்தான் ஆள் போவான் என்பது அவருடைய கணக்கு. நேருக்கு நேர் நிற்காமல் உடலைச் சற்றுப் பக்கவாட்டாகத் திருப்பி, ஒரு கை தூரம் விட்டுப் பின்வாங்கியபடியே, அவனை வலுக்குறைந்த காலின் பக்கமாகவும் பக்கக்கோட்டை நோக்கியும் ஒதுக்கிக்கொண்டு போகவேண்டும். அவசரப்பட்டுக் காலை நீட்டித் தவறவிட்டால் பின்னால் கோல்காப்பாளர் மட்டுமே மிச்சம். சில விநாடிகள் தாமதப்படுத்தினாலோ நம்மவர் இருவர் திரும்பி வந்து சேர்ந்துவிடுவார்கள். மணல் தரையில் வெறுங்காலுடன் மாலைதோறும் செய்த இந்தப் பயிற்சியைப் போலச் சலிப்பூட்டியது வேறொன்றும் இல்லை.

லண்டனுக்கு வந்தபின், 1970ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் இங்கிலாந்தின் பொபி மூர் பிரேசிலின் ஜெயர்சின்ஹோவிடமிருந்து பந்தைப் பறித்த காட்சியைப் பதிவில் பார்த்தேன். மூர் வேகமான ஓட்டக்காரர் அல்லர். முழு வேகத்தில் வந்த ஜெயர்சின்ஹோவுக்கு முன்னால் பின்வாங்கிப் பின்வாங்கிப் போய், தண்ட எல்லைக்குள் நுழைந்த பிறகே காலை நீட்டினார். பந்து மட்டும் அகப்பட்டது. எழுந்தவுடன் அதை வெளியே அடித்துத் தள்ளாமல் தம் காலிலேயே வைத்துக்கொண்டு முன்னேறினார். அன்றைய ஒரே கோலை ஜெயர்சின்ஹோ அடிக்க, இங்கிலாந்து தோற்றது என்பது வேறு விடயம்.

ஆயினும் தனி ஒருவனை மறிப்பது இக்கலையின் பாதிதான். மறுபாதியை இத்தாலியின் பிராங்கோ பரேசியிடம் கண்டேன். உயரம் 176 சென்ரிமீற்றர். சிறுவயதில் இன்டர் மிலான் கழகம் வேண்டாமென்று அனுப்பிய பையன். பின்னர் ஏசி மிலானில் 20 பருவங்கள் ஆடினார். 1987இல் அரிகோ சாக்கி அங்கு பயிற்றுநரானபின், பின்வரிசை நால்வரும் ஒரே கோட்டில் முன்னேறி எதிரணி முன்கள வீரரை ஓஃப்சைட்டில் (பந்து அவருக்கு அனுப்பப்படும் கணத்தில் பின்வரிசைக்கு அப்பால் நிற்கும் குற்றத்தில்) விட்டுவிடும் முறை செம்மையடைந்தது. நால்வரில் ஒருவர் ஓர் அடி பிந்தினாலும் முழுக் கோடும் பயனற்றுப் போகும் என்பதால், எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்பதை ஒருவரே தீர்மானித்து மற்ற மூவரையும் நடத்தவேண்டும். அந்த ஒருவர் பரேசி. இறுதிப் பின்வரிசை வீரருக்குச் சமகோட்டில் நிற்பவர் ஓஃப்சைட் அல்லர் என 1990இல் விதி மாறியபின் இது மேலும் ஆபத்தான வேலையாயிற்று. இருந்தும் 1993–94 பருவத்தில் மிலான் 34 லீக் ஆட்டங்களில் 15 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்துச் சம்பியனானது.

அந்தக் கோடையில் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தில், நோர்வேக்கு எதிரான ஆட்டத்தில் பரேசியின் முழங்கால் காயமடைந்து சத்திரசிகிச்சை செய்யவேண்டியதாயிற்று. நான்கு வாரங்கூட ஆகாத நிலையில், ஜூலை 17 அன்று பிரேசிலுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் இறங்கினார். பின்வரிசையின் நடுவில் ஆடும் கொஸ்தகுர்த்தா தடையில் இருந்ததால், இடப்பக்கம் ஆடும் மால்டினி நடுவுக்கு வந்து அவருக்குத் துணை நின்றார். மேலதிக நேரத்தையும் சேர்த்து 120 நிமிடங்கள் கோல் எதுவும் விழவில்லை. பின்னர் வெற்றியைத் தீர்மானிக்க இரு அணியும் மாறிமாறி அடித்த தண்ட உதைகளில், இத்தாலியின் முதல் உதையைப் பரேசி கம்பத்துக்கு மேலே அடித்தார்; 3–2 எனப் பிரேசில் வென்றது.

அவருடைய பெயரை எடுத்தாலே எங்கள் கூட்டத்தில் சிலர் அந்த உதையைத்தான் நினைவூட்டுவார்கள். பின்வரிசை வீரரை அளக்கும் இடம் அதுவல்ல என்று நான் இன்னமும் வாதாடுவேன். பிரேசிலின் முன்கள வீரர்களான ரொமாரியோவையும் பெபெட்டோவையும் கோல் இல்லாமல் அனுப்பிய அந்த 120 நிமிடங்களைப் போட்டுக் காட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன்.